சொல்லின் ஈற்றில் நிற்கும் பொருள்

தமிழ் எழுத்தில் ஒரு வரியைக் கூட்டி வாசிப்பவருக்கு அதன் பொருள் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உயிரும் மெய்யும் உயிர்மெய்யுமாக ஒலி முழுவதும் ஏட்டிலேயே கிடப்பதால், பொருள் விளங்காத பழம்பாடலைக்கூடப் பிழையின்றி உரக்கப் படித்துவிட்டுப் பிறகு உரையைத் தேடிப் போகலாம். செவ்வியல் அரபு எழுத்தில் இந்த வசதி கிடையாது. மெய்களும் நெடில்களும் மட்டுமே வரியில் எழுதப்படுகின்றன. குறில் உயிர்களுக்கு எழுத்தின் மேலும் கீழும் இடும் குறிகள் உண்டு என்றாலும், திருக்குர்ஆனையும் தொடக்கப் பாடநூல்களையும் கவிதைப் பதிப்புகள் சிலவற்றையும் விட்டால் பெரும்பாலான நூல்கள் அக்குறிகள் இல்லாமலே அச்சாகின்றன. ஆகவே எந்தப் பெயர் எழுவாய், எது செயப்படுபொருள், எது எதற்கு அடை என்று தீர்மானித்த பிறகே வாசகரால் ஒரு சொல்லின் கடைசி எழுத்தை ஒலிக்க முடிகிறது. எகிப்திய எழுத்தாளர் காசிம் அமீன் (1863–1908) இதை ஒரு குறையாகவே சொன்னார். பிற மொழியினர் புரிந்துகொள்வதற்காக வாசிக்க, அரபு வாசகர் மட்டும் வாசிப்பதற்காகப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்பது அவருடைய முறையீடு. சொல்லீறுகளை உயிரின்றி நிறுத்திவிடலாம் என்றும் அவர் யோசனை கூறினார். அவர் குறை கண்ட அதே இடத்தில்தான் அரபு இலக்கணத்தின் மிக உயர்ந்த பயிற்சி நடக்கிறது என்பதை, நஹ்வு எனப்படும் தொடரிலக்கணத்தைச் சில ஆண்டுகளாவது பொறுமையோடு கற்றவர்கள் அறிவார்கள்.

அரபு இலக்கணக் கல்வி இரண்டு பிரிவுகளாக நடக்கிறது. மூன்று அல்லது நான்கு மெய்களால் ஆன வேரிலிருந்து வினைகளும் பெயர்களும் எந்தெந்த வாய்ப்பாட்டில் பிறக்கின்றன என்பதைச் சொல்லுவது ஸர்ஃபு. அப்படிப் பிறந்த சொல் தொடருக்குள் நுழையும்போது அதன் ஈறு என்ன ஆகிறது என்பதைச் சொல்லுவது நஹ்வு. ஸர்ஃபு பெரும்பகுதி மனப்பாடத்தால் கைவரக்கூடியது. வாய்ப்பாடுகளை வாய்விட்டுச் சொல்லிப் பழகியவருக்கு அது விரைவில் வசமாகிவிடும். நஹ்வு அவ்வாறன்று. பெயர்ச்சொல்லின் ஈறு மூன்று நிலைகளில் ஒன்றில் நிற்கிறது: உகரம் ஏற்றால் ரஃப்உ, அகரம் ஏற்றால் நஸ்பு, இகரம் ஏற்றால் ஜர்ரு. நிகழ்காலத்தையும் எதிர்காலத்தையும் உணர்த்தும் வினைச்சொல்லும் இந்த அமைப்புக்குள் வருகிறது. அதற்கு ரஃப்உவும் நஸ்பும் உண்டு, ஜர்ரு இல்லை, அதற்குப் பதிலாக ஈற்றுயிர் நீங்கி மெய்யாக நிற்கும் ஜஸ்மு உண்டு. தொடரில் ஏற்கும் இடத்துக்கேற்ப ஈறு மாறும் இந்த இயல்பையும், அந்த மாற்றத்துக்குக் காரணம் காட்டும் பயிற்சியையும் இஃராபு என்ற ஒரே சொல்லால் குறிப்பார்கள். ‘ளரப ஸைதுன் அம்ரன்’ என்பது இலக்கணிகள் தலைமுறை தலைமுறையாகக் கையாளும் உதாரணம். ஸைத் என்பவன் அம்ர் என்பவனை அடித்தான் என்பது அதன் பொருள். ‘ளரப அம்ரன் ஸைதுன்’ என்று பெயர்களை இடம் மாற்றினாலும் அடித்தவன் ஸைத்தான், ஏனெனில் உகரம் அவன் பெயரின் ஈற்றில்தான் இருக்கிறது. வேற்றுமை உருபால் பொருளை நிறுத்திப் பழகிய தமிழருக்கு இதில் வியப்பு ஒன்றுமில்லை. அந்த உருபு முழுவதும் ஏட்டில் எழுதப்படாத ஒரு குறில் உயிருக்குள் அடங்கிவிடுகிறது என்பதே கவனிக்க வேண்டியது.

அந்தக் குறிலைத் தவறவிட்டால் என்ன நேரும் என்பதைப் பற்றியே இத்துறையின் தோற்றக் கதைகள் பேசுகின்றன. பஸ்ரா நகரில் வாழ்ந்து 688ஆம் ஆண்டளவில் மறைந்த அபுல்அஸ்வத் அத்துஅலீயை நஹ்வின் முன்னோடியாக மரபு கொண்டாடுகிறது. அவருடைய மகள் வானத்தைப் பார்த்து வியந்து பேசியதாக ஒரு கதை உண்டு. ‘மா அஹ்ஸனஸ் ஸமாஅ’ என்று அவள் சொல்லியிருந்தால், வானம்தான் எவ்வளவு அழகு என்ற வியப்பு அது. அவளோ ‘மா அஹ்ஸனுஸ் ஸமாஇ’ என்று ஈறுகளை மாற்றிச் சொன்னாள். அது வானத்தில் மிக அழகானது எது என்ற கேள்வியாகிவிட்டது, தந்தையும் விண்மீன்கள் என்று விடை சொன்னார். இன்னொரு கதை இதைவிடக் கனமானது. திருக்குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயத் தொடக்கத்தில், இணைவைப்போரிடமிருந்து இறைவன் விலகியவன், அவனுடைய தூதரும் அவ்வாறே விலகியவர் என்று பொருள்படும் இடத்தில், தூதரைக் குறிக்கும் சொல்லுக்கு உரிய உகரத்தை விட்டு ஒருவர் இகரம் கொடுத்து ஓதினாராம். அந்த ஒரே மாற்றத்தால், தூதரிடமிருந்தும் இறைவன் விலகிவிட்டான் என்று பொருள் கவிழ்ந்துவிடும். அபுல்அஸ்வத் ஓர் எழுத்தரை அமர்த்தி, தம் வாய் திறக்கும்போது எழுத்தின் மேலே ஒரு புள்ளியும், கீழ்நோக்கும்போது கீழே ஒரு புள்ளியும், குவியும்போது பக்கத்தில் ஒரு புள்ளியும் வேறு நிற மையால் இடச் சொன்னார் என்பது மரபு. இன்றைய உயிர்க்குறிகளை அமைத்த பெருமை அவருக்கு ஒரு நூற்றாண்டு பின்வந்த அல்கலீல் இப்னு அஹ்மதுக்குத் தரப்படுகிறது. இக்கதைகள் நடந்தபடியே நடந்தனவா என்பது வரலாற்றாசிரியர்களின் விவாதம். ஒரு சமூகம் தன் இலக்கணத்துக்குக் காரணமாக எந்த அச்சத்தை நினைவில் வைத்திருந்தது என்பதை அவை உறுதியாகச் சொல்கின்றன. வியப்பு கேள்வியாகிவிடும், பற்று மறுப்பாகிவிடும், அதுவும் ஏட்டில் ஓர் எழுத்துகூட மாறாமலே ஆகிவிடும் என்பதே அந்த அச்சம்.

வினைச்சொல்லின் ஈறு இன்னும் நுட்பமான வேலைகளைச் செய்கிறது. ‘லா தஃகுலிஸ் ஸமக வதஷ்ரப’ என்று தொடங்கி, மீனையும் பாலையும் பற்றிப் பேசும் உதாரணம் நஹ்வு மாணவர் எல்லாருக்கும் பாடமானது. மீன் உண்ணாதே என்பது முதற்பகுதி. பால் குடிப்பதைச் சொல்லும் ‘தஷ்ரப்’ என்ற வினையின் ஈறு என்ன என்பதில்தான் விலக்கின் எல்லை தீர்மானமாகிறது. அது ஜஸ்மு பெற்றால் முதல் விலக்கோடு சேர்ந்துகொள்கிறது: மீனும் உண்ணாதே, பாலும் குடிக்காதே. நஸ்பு பெற்று ‘தஷ்ரப’ என்றானால் இடையில் உள்ள ‘வ’ என்ற இணைப்பு உடனிகழ்ச்சியைக் காட்டுகிறது: இரண்டையும் ஒருசேரக் கொள்ளாதே, தனித்தனியே கொள்ளத் தடையில்லை. ரஃப்உ பெற்று ‘தஷ்ரபு’ என்றானால் அங்கே புதிய கூற்று தொடங்கிவிடுகிறது: மீன் உண்ணாதே, பால் உனக்கு உண்டு. மீனும் பாலும் சேரக் கூடாது என்ற எண்ணம் தமிழ் வீடுகளிலும் இருப்பதால், நஸ்பின் பொருள் இங்கே உடனே பிடிபட்டுவிடும். மூன்று வேறு கட்டளைகளை, மருத்துவமும் சட்டமும் வேறுபடும் அளவுக்குப் பிரிந்த கட்டளைகளை, எழுதப்படாத ஓர் ஒலி தாங்கி நிற்கிறது. முஸ்லிம் சட்ட அறிஞர்கள் நஹ்வைத் தங்கள் துறைக்குள் நுழைவதற்கான நிபந்தனையாக வைத்ததன் காரணம் இத்தகைய இடங்களில் வெளிப்படையாகத் தெரிகிறது.

இத்துறையின் மிகப் பெரிய நூலை எழுதியவர் அரபியர் அல்லர். பாரசீகத்தின் ஃபார்ஸ் பகுதியைச் சேர்ந்த ஸீபவைஹி, நபிமொழி கற்பதற்காகவே பஸ்ராவுக்கு வந்தார். ஹம்மாத் இப்னு ஸலமா என்ற ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்தபோது, ‘லைஸ’ என்ற சொல்லுக்குப் பின் வந்த நபித்தோழர் ஒருவரின் பெயரை, அது எழுவாய் என்று எண்ணி, ‘அபா’ என்பதற்குப் பதிலாக ‘அபூ’ என்று அவர் ஒலித்தார். இங்கே ‘லைஸ’ எதிர்மறைச் சொல்லாக அன்றி ‘தவிர’ என்ற விலக்குப் பொருளில் வந்திருக்கிறது, ஆகவே நஸ்புதான் வேண்டும் என்று ஆசிரியர் திருத்தினார். எவரும் குற்றம் காண முடியாதபடி இந்த அறிவைக் கற்றே தீருவேன் என்று புறப்பட்டவர், அல்கலீலின் மாணவரானார் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. 796ஆம் ஆண்டளவில், நடுத்தர வயதை எட்டும் முன்பே அவர் இறந்தபோது, முன்னுரையும் பெயரும் இல்லாத ஒரு பெருநூலை விட்டுச் சென்றார். அது ‘நூல்’ என்று மட்டும் பொருள்படும் ‘அல்கிதாப்’ என்ற பெயராலேயே இன்றுவரை வழங்குகிறது. ஆசிரியர் அல்கலீலின் கருத்துகள் அதில் 500க்கும் மேற்பட்ட இடங்களில் வருகின்றன. பெயர் சொல்லாமல் ‘அவரைக் கேட்டேன்’ என்று வரும் இடங்களில் அந்த ‘அவர்’ அல்கலீல்தான் என்பது உரையாசிரியர்களின் துணிபு. ஒரு மாணவரின் கேள்விகளும் ஆசிரியரின் விடைகளும் உருகிச் சேர்ந்த நூல் அது. அதன் அளவுகோல்களும் கவனிக்கத்தக்கவை. ஒரு தொடரை மதிப்பிடும்போது ஸீபவைஹி நேரானது, கோணலானது, அழகானது, அழகற்றது என்று மனித நடத்தையைச் சொல்லும் சொற்களையே எடுத்தாளுகிறார். மலையைச் சுமந்தேன் என்பவன் பொய் சொல்கிறான், ஆனால் அவன் தொடர் நேரானது; நாளை வந்தேன் என்பவனின் கூற்றோ தன்னைத்தானே முறித்துக்கொள்கிறது; சொற்களைத் தகாத இடத்தில் வைப்பவனின் பேச்சு நேராக இருந்தும் அழகற்றுப் போகிறது. உண்மையையும் ஒழுங்கையும் அழகையும் மூன்று தனித்த அளவைகளாக எட்டாம் நூற்றாண்டிலேயே பிரித்து வைத்த அந்தத் தெளிவு வியக்க வைப்பது.

ஈறு மாறுகிறது என்றால் அதை மாற்றுவது எது என்ற கேள்விக்கு இம்மரபு தந்த விடை ஆமில் என்ற கோட்பாடு. ஒரு சொல் மற்றொரு சொல்லின் மீது செயல்பட்டு அதன் ஈற்றைத் தீர்மானிக்கிறது. செயல்படும் சொல் ஆமில், செயலுக்கு உட்படும் சொல் மஃமூல். வினைச்சொல் தன் எழுவாய்க்கு உகரத்தையும் செயப்படுபொருளுக்கு அகரத்தையும் தருகிறது. ‘இன்ன’ என்ற உறுதிச்சொல் தலைப்பில் வந்தால் எழுவாய் அகரம் பெறுகிறது, பயனிலை உகரத்தோடு நிற்கிறது. இறந்தகாலத்தைச் சுட்டும் ‘கான’ வந்தால் இது தலைகீழாகிறது. வினையே இல்லாமல் ‘ஸைதுன் ஆலிமுன்’, அதாவது ஸைத் கற்றவன் என்று இரு பெயர்கள் மட்டும் நிற்கும்போது, முதற்பெயருக்கு உகரம் தந்தது எது? தொடரின் தலைப்பில் நிற்பதே ஒரு ஆமில் என்றும், அது செவிக்குப் புலப்படாத, பொருளளவிலான ஆமில் என்றும் பஸ்ரா அறிஞர்கள் சொன்னார்கள். கூஃபா நகரத்தாரோ எழுவாயும் பயனிலையும் ஒன்றையொன்று உயர்த்திக்கொள்கின்றன என்றனர். இவ்விரு பள்ளிகளின் கருத்து வேறுபாடுகளில் 121ஐ எடுத்துக்கொண்டு இப்னுல் அன்பாரீ (மறைவு 1181) ‘அல்இன்ஸாஃப்’ என்ற நூலில் வழக்குமன்றத் தீர்ப்புபோல ஒவ்வொன்றாக ஆராய்கிறார். அவற்றில் பலவும் ஈற்றொலியை மாற்றாதவை. இரு தரப்பினரும் ஒரே மாதிரி ஒலித்துக்கொண்டு, காரணத்தில் மட்டும் மாறுபடுகிறார்கள். பயனற்ற வாதம் என்று இதை ஒதுக்குவது எளிது. ஒரு சொல்லை எப்படி ஒலிப்பது என்று தெரிந்திருந்தால் மட்டும் போதாது, அப்படி ஒலிப்பதற்குத் தொடரின் எந்தப் பகுதி பொறுப்பு என்றும் சொல்லத் தெரிய வேண்டும் என்று கோரிய ஒரு கல்வி, வாசிப்பை எவ்வளவு உயரத்தில் வைத்திருந்தது என்று பார்ப்பதே நியாயம்.

அந்த உயரத்தில் ஆபத்தும் இருந்தது. பாக்தாதில் பர்மகீ குடும்பத்து அமைச்சர் யஹ்யா இப்னு காலிதின் அவையில் ஸீபவைஹிக்கும், ஹாரூன் அர்ரஷீதின் மக்களுக்கு ஆசிரியராக இருந்த கூஃபா அறிஞர் அல்கிஸாயீக்கும் நடந்த வாதம் ‘குளவிப் பிரச்சினை’ என்ற பெயரில் நிலைத்துவிட்டது. தேளின் கொட்டு குளவியின் கொட்டைவிடக் கடுமையானது என்று எண்ணியிருந்தேன், பார்த்தால் அதுவே இது என்று முடியும் ஒரு தொடரில், இறுதிச் சுட்டு ‘ஹிய’ என்று ரஃப்உ நிலையில் மட்டுமே வரலாம் என்றார் ஸீபவைஹி. ‘இய்யாஹா’ என்று நஸ்பு நிலையிலும் வரலாம் என்றார் அல்கிஸாயீ. வாசலில் இருந்த பாலைவன அரபியர்கள் அழைக்கப்பட்டார்கள், அவர்கள் அல்கிஸாயீயின் பக்கம் சாய்ந்தார்கள். அவர்கள் ஏற்கெனவே வசப்படுத்தப்பட்டிருந்தார்கள் என்ற பேச்சு பஸ்ரா ஆதரவாளர்களிடையே தொடர்ந்து வந்திருக்கிறது. ஸீபவைஹி மனமுடைந்து ஃபார்ஸுக்குத் திரும்பிச் சிறிது காலத்தில் மறைந்தார் என்று முடிகிறது கதை. பிற்கால இலக்கணிகளில் பெரும்பாலோர் அவர் சொன்னதையே சரி என்றார்கள் என்றாலும், நாவால் தீர்ப்பளிக்கும் தாய்மொழியாளரும் விதியால் தீர்ப்பளிக்கும் அறிஞரும் எதிரெதிரே நிற்கும்போது யார் பக்கம் நிற்பது என்ற கேள்வி அந்த அவையோடு முடிந்துவிடவில்லை.

விதிகளுக்குக் காரணம் கற்பிப்பவரின் உரிமை எதுவரை என்பதை அல்கலீலே தெளிவாக எண்ணிப் பார்த்திருக்கிறார். பத்தாம் நூற்றாண்டில் இலக்கணக் காரணங்களுக்கென்றே ஒரு நூல் எழுதிய அஸ்ஸஜ்ஜாஜீ அந்த எண்ணத்தைப் பதிவு செய்திருக்கிறார். இந்தக் காரணங்களை அரபியரிடம் கேட்டு அறிந்தீரா, நீரே கண்டுபிடித்தீரா என்று அல்கலீலிடம் ஒருவர் கேட்க, அரபியர் தம் இயல்பால் பேசினார்கள், காரணங்கள் அவர்கள் அறிவில் இருந்தன, ஆனால் அவர்கள் அவற்றைச் சொல்லி வைக்கவில்லை என்று தொடங்கி, நன்கு கட்டிய வீட்டுக்குள் நுழையும் ஓர் அறிவுடையவனின் நிலைக்குத் தம் நிலையை அவர் ஒப்பிடுகிறார். அவன் கட்டியவனைக் கண்டதில்லை. இந்தச் சுவர் இதற்காக இருக்கலாம், இந்தத் திறப்பு அதற்காக இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டு போகிறான். கட்டியவன் அதே காரணத்துக்காகக் கட்டியிருக்கவும் கூடும், வேறு காரணத்துக்காகக் கட்டியிருக்கவும் கூடும். தாம் சொன்னதைவிடப் பொருத்தமான காரணம் எவருக்கேனும் தோன்றினால் அவர் அதைக் கொண்டுவரட்டும் என்று அல்கலீல் முடிக்கிறார். விளக்கம் வேறு, விளக்கப்படும் பொருள் வேறு என்ற இந்தத் தன்னடக்கம் பின்வந்தவர்கள் எல்லாரிடமும் நிலைக்கவில்லை. அஸ்ஸஜ்ஜாஜீயே காரணங்களை மூன்று தளங்களாகப் பிரித்தார்: மாணவன் மொழியைக் கற்கத் தேவையான காரணம் ஒன்று, ஒப்புமையால் நிறுவும் காரணம் ஒன்று, வாதத்துக்கு மட்டுமே உதவும் காரணம் ஒன்று. மூன்றாவது தளத்தில் நஹ்வு தன் உணவைத் தானே உண்ணத் தொடங்கியது என்று சொல்வது மிகையாகாது.

அதற்கு எதிராக மிக வலுவான குரல் அந்தலூஸிலிருந்து எழுந்தது. குர்துபாவில் பிறந்து, முவஹ்ஹிதூன் ஆட்சியில் தலைமை நீதிபதியாக இருந்து, 1196இல் இஷ்பீலியாவில் மறைந்த இப்னு மளா, ‘இலக்கணிகளுக்கு மறுப்பு’ என்ற சிறுநூலில் ஆமில் கோட்பாட்டையே நீக்கச் சொன்னார். சொல்லுக்குச் சொல்லின் மீது ஆற்றல் கிடையாது, ஈற்றுயிரைத் தருபவன் பேசுபவனே என்பது அவர் வாதத்தின் உயிர். வாக்கில் இல்லாத சொற்களை உள்ளுறையாகக் கற்பித்துக்கொள்ளும் தக்தீர் என்ற வழக்கத்தை அவர் கடுமையாகச் சாடினார். ‘யா அப்தல்லாஹ்’ என்று ஒருவனை விளிக்கும்போது அந்தப் பெயர் நஸ்பு பெறுவதற்குக் காரணம், ‘அழைக்கிறேன்’ என்ற வினை அங்கே மறைந்திருப்பதே என்று இலக்கணிகள் சொல்லி வந்தார்கள். அந்த மறைந்த வினையை வெளியே எடுத்து, அப்துல்லாஹ்வை அழைக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தால் விளி போய்ச் செய்தி வந்துவிடுகிறதே, பொருளை அழிக்கும் விளக்கம் விளக்கமாகுமா என்று கேட்டார் இப்னு மளா. இந்த ஒரு கேள்விக்கு இன்றுவரை முழு நிறைவான விடை சொல்லப்படவில்லை என்றே கருத வேண்டியிருக்கிறது. 1937இல் கெய்ரோவில் இப்றாஹீம் முஸ்தஃபா ‘நஹ்வுக்குப் புத்துயிர்’ என்ற பொருள்படும் தம் நூலில், உகரம் கூற்றின் ஆதாரத்துக்கு அடையாளம், இகரம் உடைமைச் சேர்க்கைக்கு அடையாளம், அகரம் எதற்கும் அடையாளமல்லாத இலகுவான ஒலி என்று ஆமிலே இல்லாத ஓர் எளிய அமைப்பை முன்வைத்தார். பத்தாண்டுகளில், 1947இல், ஷவ்கீ ளைஃப் இப்னு மளாவின் மறுப்பைப் பதிப்பித்துப் பாடத்திட்டச் சீர்திருத்தத்துக்கு அதை ஆயுதமாக்கினார். ஆயினும் ஆமில் பாடநூல்களை விட்டுப் போய்விடவில்லை. உண்மை இப்னு மளாவின் பக்கம் இருந்தாலும், கற்பவரின் தேவை ஆமிலின் பக்கம் இருப்பதே அதற்குக் காரணம் என்று தோன்றுகிறது. பேசுபவன் உள்ளத்தில் நினைத்தபடி ஈறு அமைகிறது என்றால், பேசியவன் மறைந்து எழுத்து மட்டும் எஞ்சிய இடத்தில் அந்த நினைவை எதைக்கொண்டு மீட்பது? சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே ஓடும் உறவை ஆமில் என்று பெயரிட்டுச் சுட்டும் வழக்கம், காரணமாக இல்லாவிட்டாலும், தேடும் வழியாக நிற்கிறது.

அந்தத் தேடல் எங்கே கொண்டு சேர்க்கும் என்பதைக் காட்டியவர், ஜுர்ஜான் நகரில் வாழ்ந்து 1078ஆம் ஆண்டளவில் மறைந்த அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானீ. இந்திய மத்ரஸாக்களில் தொடக்க மாணவர்கள் படிக்கும் ‘நூறு ஆமில்கள்’ என்ற சிறுநூல் அவருடையது. செவிவழி அறிய வேண்டியவை 91, விதியால் அடங்குபவை 7, பொருளளவில் மட்டும் நிற்பவை 2 என்று கணக்கிட்டு மனப்பாடத்துக்கு ஏற்றவாறு அமைந்தது. அதே கையிலிருந்துதான் ‘தலாஇலுல் இஃஜாஸ்’ என்ற, திருக்குர்ஆனின் சொல்லமைதியின் மேன்மையை ஆராயும் பெருநூலும் பிறந்தது. சொற்களின் தனியழகிலும் ஒலியினிமையிலும் இலக்கியச் சிறப்பைத் தேடியவர்களை மறுத்து, இலக்கணத்தின் பொருள்களைப் பின்தொடர்ந்து சொற்களை ஒன்றோடொன்று கோப்பதே இலக்கியம் என்று அதில் அவர் வாதிடுகிறார். ‘அஃபஅல்த’ என்று வினையை முன்னிறுத்தி வினவினால் ஐயம் செயலின் மீது விழுகிறது. ‘அஅன்த ஃபஅல்த’ என்று ஆளை முன்னிறுத்தினால் செயல் நடந்தது உறுதி, செய்தவர் யார் என்பதில்தான் ஐயம். செய்தாயா என்பதற்கும் நீயா செய்தாய் என்பதற்கும் இடையே தமிழ் காட்டும் அதே வேறுபாடு இது. சொல்வரிசை, சுட்டு, இணைப்பு, இணைப்பின்மை, தொகுத்தல் என்று ஒவ்வோர் இலக்கணக் கூறையும் எடுத்து, அது மாறும்போது பொருளில் எந்த நரம்பு அசைகிறது என்று பக்கம் பக்கமாகக் காட்டிச் செல்லும் அந்நூலைப் படித்த பிறகு, இலக்கணம் வேறு இலக்கிய ரசனை வேறு என்ற பிரிவினை நம்ப முடியாததாகிவிடுகிறது. அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முன்பு, பாக்தாத் அவையொன்றில் தர்க்கமே எல்லா மொழிக்கும் பொதுவான அளவை, இலக்கணம் சொல்லளவில் நிற்பது என்று வாதிட்ட மத்தா இப்னு யூனுஸிடம், ஸீபவைஹியின் உரையாசிரியர் அஸ்ஸீராஃபீ ‘ஸைத் சகோதரர்களில் சிறந்தவன்’ என்பது சரியா, ‘ஸைத் தன் சகோதரர்களில் சிறந்தவன்’ என்பது சரியா என்று கேட்டார். தன் சகோதரர்களின் கூட்டத்தில் ஸைத் அடங்குவதில்லை ஆதலால் இரண்டாவது பிழை. மொழியின் அமைப்புக்குள் இறங்காமல் சிந்தனையைச் சோதிக்க முடியாது என்று அஸ்ஸீராஃபீ காட்டியதைத்தான் அல்ஜுர்ஜானீ முழு அறிவுத்துறையாக வளர்த்தார்.

கற்கும் வழி கடினமானது, அதை மறைப்பதில் பயனில்லை. ஃபாஸ் நகரத்து இப்னு ஆஜுர்ரூம் (1273–1323) எழுதிய ‘ஆஜுர்ரூமிய்யா’ சில பக்கங்களில் அடங்கும். 1592இல் ரோமில் மெதிசி அச்சகம் அச்சிட்ட அளவுக்கு அதன் புகழ் பரவியது. அதற்கு மேலே, ஜய்யானில் பிறந்து 1274இல் திமிஷ்கில் மறைந்த இப்னு மாலிக் நஹ்வையும் ஸர்ஃபையும் ஏறக்குறைய ஆயிரம் செய்யுள் வரிகளில் அடக்கிய ‘அல்ஃபிய்யா’. மனப்பாடம், பிறகு உரை, பிறகு உரைக்கு உரை என்று நடக்கும் இம்முறையில், தமிழகத்திலும் இலங்கையிலும் அரபுக் கல்லூரிகளில் பயின்ற தலைமுறைகள் அரபு எழுத்தில் எழுதிய தமிழான அறபுத்தமிழின் துணையோடு பொருளைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு வரியை எடுத்துச் சொல்லுக்குச் சொல் நின்று, இது இன்ன வகை, இன்ன நிலை, அந்நிலையின் அடையாளம் இது, அதற்கு ஆமில் அது என்று வாய்விட்டு ஒப்புவிக்கும் இஃராபுப் பயிற்சி இக்கல்வியின் அச்சாணி. அது வெறும் சடங்காகத் தேய்ந்துபோன வகுப்பறைகள் பல. வாய்ப்பாட்டைச் சரளமாகச் சொல்லும் மாணவர் வரியின் பொருளைக் கேட்டால் விழிப்பது அங்கே வழக்கம். காசிம் அமீன் போன்றவர்களின் சலிப்புக்கு இந்தத் தேய்மானத்தின் பங்கு பெரிது.

அந்த நோயை மரபுக்குள்ளிருந்தே கண்டு சொன்னவர் கெய்ரோவின் இப்னு ஹிஷாம் (1309–1360). இப்னு கல்தூன் மனமாரப் புகழ்ந்த அவருடைய ‘முக்னில் லபீப்’ நூலில், இஃராபு சொல்பவர்கள் தவறி விழும் இடங்களுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. சொல்லின் வெளித்தோற்றத்தைப் பார்த்துப் பொருளைப் பாராமல் விடுவதையே அதில் முதல் தவறாக அவர் வைக்கிறார். தாம் பகுத்துரைக்கும் சொல்லின் பொருளை, அது தனிச்சொல்லாயினும் தொடராயினும், முதலில் புரிந்துகொள்வதே இலக்கணியின் முதற்கடமை என்கிறார். திருக்குர்ஆனின் சில அத்தியாயங்களின் தலைப்பில் நிற்கும் தனி எழுத்துகளின் பொருள் இறைவனுக்கு மட்டுமே தெரியும் என்று கொள்பவர், அவற்றுக்கு இஃராபு சொல்லவும் கூடாது என்பது அவர் காட்டும் விளைவு. பெரிய இலக்கணி ஒருவரிடம் பயின்ற ஓர் அறிஞரிடம், வாரிசுரிமையைப் பேசும் வசனத்தில் வரும் ‘கலாலா’ என்ற சொல்லின் நஸ்புக்கு என்ன காரணம் என்று கேட்டபோது, கலாலா என்றால் என்னவென்று எனக்குச் சொல்லுங்கள் என்று அவர் திருப்பிக் கேட்டாராம். தந்தை வழியில் மேலோரும் பிள்ளை வழியில் கீழோரும் இல்லாதபோது வரும் வாரிசுகள் என்று சொன்னார்கள். அப்படியானால் அது தமீஸ், அதாவது மயக்கத்தை நீக்கித் தெளிவிக்கும் பெயர் என்று அவர் விடை தந்தார். கேட்ட கேள்வி சரி, தந்த விடை தவறு என்று தீர்ப்புச் சொல்கிறார் இப்னு ஹிஷாம். வினை செயப்பாட்டு வடிவில் வந்து வினைமுதல் மறைக்கப்பட்ட இடத்தில், அந்த வினைமுதலையே தெளிவிக்கும் பெயரைப் பின்னால் வைப்பது மறைத்ததன் நோக்கத்தைக் கெடுத்துவிடும் என்பது அவருடைய காரணம். பிறகு தம் விடையைப் பொருள்வாரியாகத் தருகிறார். கலாலா என்பது பெற்றோரும் பிள்ளையும் இன்றி இறந்தவரைக் குறித்தால் அச்சொல் அவருடைய நிலையைச் சொல்லும் ஹால் ஆகலாம், ‘கான’வின் பயனிலையும் ஆகலாம், வாரிசுகளைக் குறித்தால் அதற்கு முன் ‘உடையவர்’ என்ற சொல் தொக்கு நிற்பதாகக் கொள்ள வேண்டும், உறவுமுறையைக் குறித்தால் வாரிசுரிமை எதனால் ஏற்பட்டது என்பதைச் சொல்லும் மஃப்ஊல் லஹு ஆகும். மூன்றிலும் ஈற்றில் ஒலிப்பது ஒரே அகரம்தான்.